எதற்கென்று கேட்காமல் நோண்டிப் பார்ப்பது எப்படி?

வரையவோ எழுதவோ பாடவோ படம் பிடிக்கவோ ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, அந்த ஆசைக்கு ஓர் இலக்கு வைப்பது. '30 நாளில் 30 படம்', 'வருஷக் கடைசிக்குள் ஒரு நாவல்', 'ஆறு மாதத்தில் மேடை' என்று ஒரு கணக்கு. பதினோராம் நாள் காய்ச்சலில் படுத்தால் கணக்கு தவறிவிடும். கணக்கு தவறியதும் தூரிகையும் நோட்டும் பரண் ஏறிவிடும். ஆசை பொய்யாக இருந்து இப்படி ஆவதில்லை. அதன் மேல் ஏற்றிவைத்த கணக்குதான் அதை நசுக்கியிருக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது. கடைசியில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், மனசைக் குடைகிற ஒரு சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறு வேலையைத் தொடங்கிவிட்டு ஒன்றிலும் ஒட்டாமல் நிற்போம். அந்தப் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் இரண்டு மூன்று தடவை அரை மணி நேரம். தொடங்க இவ்வளவு போதும்.

முதல் வாரம்: கேள்வி பொறுக்குங்கள்

முதல் வாரம் எதையும் உருவாக்க வேண்டாம். கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள். 'நன்றாக வரையக் கற்க வேண்டும்' என்பது கேள்வி ஆகாது, அது ஆசை. 'கண்ணாடி டம்ளரை வரையும்போது எதை வரைகிறோம், கண்ணாடியையா, அதற்குப் பின்னால் வளைந்து தெரிவதையா?' என்பது கேள்வி. 'கவிதை எழுத வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வெற்றுத்தாள்தான் எதிரே இருக்கும். 'ஒரே சண்டையை இரண்டு பேரும் ஏன் வேறு வேறு இடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள்?' என்று எழுதிப் பாருங்கள், பேனா தானாக நகரும்.

லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் 7,000க்கும் மேற்பட்ட பக்கங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. தனக்குத்தானே அவர் எழுதிக்கொண்ட வேலைக் குறிப்புகளில் ஒன்று, மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்பது. அவர் வரைந்த எந்த ஓவியத்துக்கும் மரங்கொத்தியின் நாக்கு தேவைப்பட்டிருக்காது. தெரிந்துகொள்ளத் தோன்றியது, எழுதி வைத்துக்கொண்டார். உங்கள் நோட்டிலும் இந்த மாதிரி வரிகளுக்கு இடம் கொடுங்கள். அசட்டுத்தனமாகத் தெரிகிற கேள்வியை அடிக்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் உங்களுடைய கேள்வியாக இருக்கும்.

கேள்வி எங்கே கிடைக்கும்? நீங்கள் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்த இடத்தில். ஒரு பாட்டில் மறுபடி மறுபடி பின்னால் தள்ளிக் கேட்கிற அந்த நாலு விநாடியில். ஒரு கதையைப் படிக்கும்போது 'இந்த இடம் சரியாக வரவில்லையே' என்று எரிச்சல் வருகிற பத்தியில். சின்ன வயதில் யாரும் சொல்லாமலே மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்த காரியத்தில். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒன்றைப் பார்த்து வியப்பதும் அதைப் பற்றி அறிய ஆவல் கொள்வதும் ஒன்றில்லை. வியந்தால் கை தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆவல் வந்தால் கை சும்மா இருக்காது, பிரித்துப் பார்க்கச் சொல்லும். உங்கள் பட்டியலில் வியப்பு மட்டும் உள்ளவற்றைத் தள்ளி வையுங்கள்.

இன்றைக்கே கையால் ஏதாவது செய்ய முடியுமா?

வாரக் கடைசியில் பத்துப் பதினைந்து கேள்விகள் சேர்ந்திருக்கும். அவற்றில் எதை எடுப்பது? நான் ஒரே ஒரு சோதனைதான் வைக்கிறேன். கையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைக்கே, அரை மணி நேரத்தில், இந்தக் கேள்விக்காகக் கையால் ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்றால் அதை எடுங்கள். முடியாவிட்டால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். 'மனித முகத்தை எப்படி வரைவது' என்பது பெரிது. 'ஒரு முகம் களைத்திருக்கிறது என்று கண்ணிமை மட்டும் எப்படிச் சொல்கிறது' என்பது இன்று மாலைக்குள் கண்ணாடி முன் உட்கார்ந்து பத்துத் தடவை கிறுக்கிப் பார்க்கக்கூடியது.

பொருள் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். புது கேமரா, புது வண்ணப்பெட்டி, கட்டண வகுப்பு எல்லாமே வாங்கிய அன்றைக்கே 'போட்ட காசுக்குப் பலன் வேண்டும்' என்று கேட்கத் தொடங்கிவிடும். கேள்வியே ஒரு கட்டத்தில் கருவி கேட்கும், அப்போது வாங்குங்கள். வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயிக்கு அப்படித்தான் நடந்தது. 15 வயதில் அம்மா கொடுத்த பழைய நுண்ணோக்கியில் பனித் துகள்களைப் பார்த்து வரைய முயன்றார். வரைந்து முடிப்பதற்குள் அவை உருகிவிட்டன. அப்புறம்தான் நுண்ணோக்கியோடு கேமராவைச் சேர்க்கும் யோசனை. 1885 ஜனவரியில் பனித் துகளின் முதல் படத்தை எடுத்தபோது அவருக்கு 19 வயது. வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவர் கேமராவிலிருந்து தொடங்கவில்லை, உருகிப்போன ஒரு துகளிலிருந்து தொடங்கினார்.

ஒரு தடம் எப்படிப் போகும்

இதை விளக்க எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு நாள் மதியம் மரத்தடி நிழலைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். நிழலுக்கு நடுவே தரையில் விழுந்திருந்த ஒளிப்பொட்டுகளை வரைகிறபோதுதான் கவனித்தேன், எல்லாம் வட்டம். சில ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன, ஆனாலும் ஒவ்வொன்றின் விளிம்பும் வட்டம்தான். அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. முக்கோணம், கீறல், கிழிந்த துணி மாதிரி எதெதுவோ. கோணல்மாணலான ஓட்டை வழியே வரும் வெளிச்சம் தரையில் எப்படி வட்டமாகிறது?

படத்தை அப்படியே விட்டுவிட்டு ஓர் அட்டையில் பிளேடால் சின்னதாக ஒரு சதுரம் வெட்டினேன், 3 மில்லிமீட்டர் இருக்கும். வெயிலில் தரையை ஒட்டிப் பிடித்தால் சதுர வெளிச்சம். மெல்ல உயர்த்தினேன். முதலில் மூலைகள் மழுங்கின. இடுப்பு உயரத்தில் சதுரமா வட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வடிவம். நாற்காலி மேல் ஏறி நின்று கையை உயர்த்திப் பிடித்தேன், தரையில் நல்ல வட்டம். சதுர ஓட்டை, வட்ட வெளிச்சம். அன்றைக்கு அந்த நாற்காலியில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஓட்டை சின்னதாகவும் தரை தூரமாகவும் இருந்தால், தரையில் விழுவது சூரியனின் பிம்பம், ஓட்டையின் வடிவம் அதில் கரைந்துபோகும். வானத்தில் சூரியன் சுமார் அரை டிகிரி அகலம். அதனால் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் பிம்பம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விரியும். மரத்தடியில் நாம் மிதித்து நடக்கிற ஒவ்வொரு வட்டமும் ஒரு குட்டிச் சூரியன். பகுதிக் கிரகணத்தின்போது மரத்தடி முழுக்கப் பிறை பிறையாக விழுவது இதனால்தான். (நீங்களும் செய்து பார்த்தால் தரையை மட்டும் பாருங்கள். ஓட்டை வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.)

அங்கிருந்து தடம் கிளை பிரிந்தது. சூரியனுக்குப் பிம்பம் விழுகிறது என்றால் ஜன்னலுக்கும் விழ வேண்டுமே? செருப்புப் பெட்டியின் ஒரு பக்கம் ஊசியால் துளையிட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்து மெல்லிய எண்ணெய்த்தாளை ஒட்டினேன். தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். தாளில் ஜன்னல் தலைகீழாக, மங்கலாக, கம்பி உட்பட. அதைத் தலைகீழாகவே வரைந்து பார்த்தேன். ஜன்னல் என்று தெரியாத மாதிரி வரையும்போது கோடுகள் சரியாக விழுந்தன. அப்புறம் இன்னொரு கேள்வி: தரையை ஒட்டிய செடியின் நிழல் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கிறது, உயரத்தில் இருக்கும் கிளையின் நிழல் ஏன் மங்கிக் கரைகிறது? அதற்கும் அந்த அரை டிகிரிச் சூரியன்தான் காரணம். புள்ளியாக இல்லாமல் அகலமாக இருக்கும் விளக்கு அது. அதனால் நிழல் போடும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு விளிம்பு பிசிறும்.

மூன்று மாதம் கழித்து முதல் நாள் விட்ட படத்துக்குத் திரும்பி வந்தேன். இந்தத் தடவை நிழலின் விளிம்பைப் பார்த்தே கிளையின் உயரத்தைக் காட்ட முடிந்தது. 'நிழல் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாற்காலியில் ஏறி இறங்கியதன் பக்க விளைவு அது.

மூன்று வரி நோட்டு

இலக்கு இல்லாமல் போகிறவர்கள் சிதறிப்போகாமல் காப்பது இந்த நோட்டுதான். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். என்ன செய்தேன். என்ன கண்டேன். இப்போது என்ன கேட்கத் தோன்றுகிறது. என் நோட்டிலிருந்து ஒரு நாள்:

'சதுர ஓட்டையை நான்கு உயரத்தில் பிடித்தேன். மேலே போகப் போக வட்டம், ஆனால் வெளிச்சம் குறைகிறது. இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு வட்டம் வருமா, ஒன்றாகிவிடுமா?'

மூன்றாம் வரிதான் உயிர். அது இருந்தால் அடுத்த தடவை வெற்றுத்தாளின் முன் உட்கார வேண்டியதில்லை, நேற்றைய கேள்வி காத்துக்கொண்டிருக்கும். 'நன்றாக வந்தது', 'மோசம்' என்று மதிப்பெண் போடாதீர்கள். மோசமாக வந்த படத்தில் எது உங்களை உறுத்தியதோ அதை எழுதுங்கள். அந்த உறுத்தல்தான் பல சமயம் அடுத்த கேள்வியாகும். தேதி போட மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

வேலி போட்டுக்கொள்ளுங்கள்

இலக்கு வேண்டாம் என்றால் எல்லையும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எல்லாம் கையில் இருந்தால் எதை எடுப்பது என்ற குழப்பத்திலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். ஒரே பென்சில், ஒரே ஜன்னல், மூன்றே ஸ்வரம், ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று ஏதாவது ஒரு வேலி போதும். நேரத்துக்கும் போடுங்கள். மணி அடித்ததும் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். பாதியில் நின்ற வேலை மனசில் ஓடிக்கொண்டே இருக்கும், அது நல்லதுதான். வேலி சலித்தால் மாற்றிக்கொள்ளலாம், அது உங்கள் வேலிதானே.

எப்போது தடம் மாறலாம்?

புதிதாக வருபவர்களுக்கு அதிகக் குழப்பம் இங்கேதான். இன்னொன்றின் மேல் ஆவல் வந்துவிட்டது, தாவலாமா, தாவினால் எதையும் முடிக்காத ஆளாகிவிடுவோமா என்ற பயம்.

முதலில் சலிப்பையும் சிரமத்தையும் பிரித்துப் பாருங்கள். நோட்டின் மூன்றாம் வரியில் இன்னும் கேள்வி வந்துகொண்டிருக்கிறது, ஆனால் கை வரவில்லை, எரிச்சல் வருகிறது என்றால் அது சிரமம். இன்னும் மூன்று தடவை உட்காருங்கள். மூன்று தடவையும் மூன்றாம் வரி காலியாக இருந்தால் அது சலிப்பு. தாராளமாக நகருங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். நகரும்போது வெறுங்கையோடு போகாமல் பழைய தடத்திலிருந்து ஒன்றையாவது எடுத்துப் போங்கள், ஒரு பொருளோ ஒரு பழக்கமோ ஒரு கேள்வியோ. நிழலிலிருந்து களிமண்ணுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் களிமண் வேலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துச் செய்து பாருங்கள்.

இப்படிப் போவது வீண் சுற்று என்று தோன்றுகிறவர்களுக்குக் கணினி ஆய்வாளர்கள் கென்னத் ஸ்டான்லி, ஜோயல் லேமன் இருவரும் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். சுவர்கள் வளைத்து வளைத்துப் போகிற ஒரு புதிர்ப்பாதை. அதில் கணினிக்குள்ளேயே ஓடுகிற ஒரு பாவனை ரோபோ வெளியேறக் கற்க வேண்டும். ஒரு முறையில், வாசலுக்கு எவ்வளவு கிட்டே போகிறதோ அவ்வளவுக்குப் பாராட்டு. இன்னொரு முறையில் வாசலைப் பற்றிப் பேச்சே இல்லை, இதுவரை போகாத இடத்துக்குப் போனால் போதும். வாசலைக் குறி வைத்தது 40 தடவையில் 3 தடவைதான் வெளியே வந்தது. புதிய இடத்தைத் தேடியது 39 தடவை வந்தது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. வாசலுக்கு நேர் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து இருந்தது. குறி வைத்த ரோபோ அங்கே போய் 'கிட்டே வந்துவிட்டேன்' என்று ஒட்டிக்கொண்டது. உண்மையான வழிக்குப் போக முதலில் வாசலை விட்டு விலக வேண்டியிருந்தது.

அதே ஸ்டான்லியின் குழு, பிடித்த உருவத்தைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க அது சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிற ஒரு படக்கருவியையும் உருவாக்கியது. அதில் வேற்றுக்கிரகவாசி முகம் போன்ற ஓர் உருவத்தை எடுத்துச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தபோது, அதன் கண்கள் கீழே இறங்கிச் சக்கரங்களாகிவிட்டன, படம் காராகிவிட்டது. கார் வேண்டும் என்று தொடங்கியிருந்தால் அந்த முகத்தை யார் எடுத்திருப்பார்கள்? எனக்கு இந்தப் படத்தை நினைத்தாலே மனசு நிறைகிறது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய வேலைக்கு இந்த வழி உதவாது. அதற்கு இலக்கும் தேதியும் வேண்டும். இரண்டையும் ஒரே மேஜையில் கலக்காதீர்கள்.

'இதனால் என்ன பிரயோஜனம்?'

கட்டாயம் யாராவது கேட்பார்கள். வெளியாட்கள் கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்வோம். 'தெரியவில்லை, பிடித்திருக்கிறது' என்பது முழுமையான பதில். அதற்கு மேல் நியாயம் கற்பிக்க ஆரம்பித்தால் அங்கேயே ஒரு பொய் இலக்கு முளைத்துவிடும்.

பாராட்டும் பரிசும்கூட இதில் கவனமாகக் கையாள வேண்டியவை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளின் விருப்பம் குறையவில்லை. பரிசு கெடுதல் செய்யவில்லை, 'பரிசுக்காகச் செய்கிறேன்' என்ற பேரம்தான் கெடுதல் செய்தது.

அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் எதையும் வெளியிட வேண்டாம் என்பது என் யோசனை. காட்டியே ஆக வேண்டும் என்று இருந்தால் ஒருவருக்குக் காட்டுங்கள். படத்தைக் கொடுத்து 'எப்படி இருக்கிறது?' என்று கேட்பதற்குப் பதில், நோட்டைக் கொடுத்து 'இதில் எந்தக் கேள்வி உனக்கும் தோன்றுகிறது?' என்று கேளுங்கள். பேச்சு வேறு திசையில் போகும், நீங்கள் திரும்பி வரும்போது கையில் ஒரு புதுக் கேள்வி இருக்கும்.

கலையோ ஆராய்ச்சியோ ஏற்கெனவே தொழிலாக இருந்து, சலித்துப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் உலகப்போர் முடிந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, இனித் தன்னால் எதுவும் சாதிக்க முடியாது என்று சோர்ந்திருந்தார். முக்கியமா இல்லையா என்று பார்க்காமல் இனி விளையாட்டாகச் செய்வோம் என்று முடிவு செய்தார். அந்தச் சமயத்தில் உணவகத்தில் யாரோ ஒரு தட்டைச் சுழற்றி மேலே எறிந்தார். தட்டு தள்ளாடுகிற வேகத்துக்கும் சுழல்கிற வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று ஃபைன்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இதில் என்ன முக்கியம் என்று சக ஆய்வாளர் ஹான்ஸ் பேத்தே கேட்டபோது, ஒன்றுமில்லை, வேடிக்கைக்காகத்தான் என்றார். அந்தத் தட்டிலிருந்து அவர் மறுபடி எலெக்ட்ரான் கணக்குகளுக்குப் போனார். 1965இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வேலை அந்த விளையாட்டிலிருந்து கிளைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தொழிலுக்கு வெளியே, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு 'தட்டு' உங்களுக்கும் இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து

ஒரு மாலை ஒதுக்கி நோட்டை முதலிலிருந்து படியுங்கள். பெரிய தாள் ஒன்றில், முதல் கேள்வியை நடுவில் எழுதி, அதிலிருந்து எது பிறந்தது, அதிலிருந்து எது பிறந்தது என்று கோடு இழுத்துக்கொண்டே போங்கள். தேதிகள் இப்போது உதவும். தொடர்பில்லாதவை என்று நினைத்த இரண்டு கிளைகள் எங்கேயோ போய் ஒட்டும். சில கேள்விகள் வேறு வேறு வேஷத்தில் நாலைந்து தடவை வந்திருக்கும். அந்தக் கேள்வியைச் சுற்றி வட்டம் போடுங்கள், அடுத்த மூன்று மாதத்தை அதிலிருந்து தொடங்கலாம்.

இந்த இடத்தில் சிலருக்கு இலக்கு ஒன்று தானாகவே வந்து நிற்கும். 'இதை ஒரு தொடராக வரைந்தால் என்ன', 'இது ஒரு நாவல்தானோ' என்று. வந்தால் விரட்ட வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் நோட்டில் அடுத்த பக்கம் இருக்கிறது. என் நோட்டில் கடைசியாக எழுதியிருக்கும் மூன்றாம் வரி இது: 'நிலா வெளிச்சத்திலும் மரத்தடியில் வட்டங்கள் விழுமா? பௌர்ணமி அன்று போர்வையோடு போய்ப் பார்க்க வேண்டும்.'